24 வோல்ட் எஸ்எம்பிஎஸ்: ஃப்ளைபேக், ஹாஃப் பிரிட்ஜ், எல்எல்சி – அம்பத்தூர் பேனல்களில் பல வருட அனுபவம்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் சிறு பட்டறைகளின் மெஷின் பேனல்களுக்கு லைன் கரண்டை 24 வோல்ட் டிசியாக மாற்றும் எஸ்எம்பிஎஸ் சப்ளை மாட்டுவதும் பழுது பார்ப்பதும் என் தொழில். கம்பெனிப் பெயரை அப்புறம்தான் பார்ப்பேன். உள்ளே என்ன டிசைன் என்பதுதான் எனக்கு முதல் கேள்வி.

100 வாட்டுக்குள் என்றால் ஃப்ளைபேக்தான். வேகமாக ஆன்-ஆஃப் ஆகும் சுவிட்சான மாஸ்பெட் ஆன் ஆகும்போது டிரான்ஸ்பார்மரின் காற்று இடைவெளியில் சக்தி தேங்கும். ஆஃப் ஆனதும் அவுட்புட் பக்கம் போகும். தனியாக அவுட்புட் சோக் (காயில்) வேண்டாம், பாகங்களும் குறைவு. சாயங்காலம் லைன் 180 வோல்ட்டுக்கு இறங்கினாலும் நடுராத்திரி 260க்கு ஏறினாலும் 24 வோல்ட் அசையாது.

இதில் திரும்பத் திரும்ப வரும் கோளாறு ஒன்று உண்டு. மாதக்கணக்கில் நிற்காமல் ஓடிய சப்ளை, கரண்ட் போய் வந்ததும் எழுந்திருக்காது. டிக் டிக் என்று சத்தம் மட்டும் வரும். நிறைய பேர் போர்டையே தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். அது வேண்டாம்! சப்ளையைக் கட்டுப்படுத்தும் யுசி3842 ஐசி பக்கத்தில் நிற்கும் சின்ன கெபாசிட்டரை முதலில் பாருங்கள். அந்த ஐசி 16 வோல்ட்டில் வேலையை ஆரம்பிக்கும், 10க்குக் கீழே போனால் நின்றுவிடும். டிரான்ஸ்பார்மரில் ஐசிக்கென்றே சுற்றிய ஆக்ஸிலரி வைண்டிங் கைகொடுக்கும்வரை அதைத் தாங்குவது அந்தக் கெபாசிட்டர்தான். வோல்டேஜ் துள்ளலை அடக்கும் ஸ்னப்பர் ரெசிஸ்டரின் சூட்டிலேயே இருந்து காய்ந்து போயிருக்கும். 105 டிகிரி தரத்தில் புதிதாகப் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் சுலபமாகக் கிடைக்கும்.

350 வாட் அளவில் டிஎல்494 கண்ட்ரோல் ஐசி வைத்த பழைய ஹாஃப் பிரிட்ஜ் (இரண்டு சுவிட்ச் மாறி மாறி ஓடும் டிசைன்) சப்ளைகள் இன்னும் நிறைய ஓடுகின்றன. முரட்டு உழைப்பு. ஆனால் ஃபேன் இரும்புத் தூளை உள்ளே இழுக்கும். பக்கவாட்டில் 115/230 சுவிட்ச் வேறு. அது 115ல் இருக்கும்போது நம் லைனைக் கொடுத்தால் வோல்டேஜ் இரட்டிப்பாகி, உள்ளே இருக்கும் இரண்டு பெரிய கெபாசிட்டரும் வெடிக்கும். பேனலில் மாட்டும் முன் 230ல் வைத்து டேப் ஒட்டிவிடுங்கள்.

பெரிய லோடுக்கு எல்எல்சி என்ற ரெசனன்ஸ் டிசைனுக்கு மாறியதில் எனக்கு முழுத் திருப்தி. தன் மேல் உள்ள வோல்டேஜ் பூஜ்யத்துக்கு இறங்கிய பிறகே மாஸ்பெட் ஆன் ஆகிறது, அதனால் சூடு குறைவு. சென்னை மே மாதத்தில், மூடிய பேனலுக்குள் இது பெரிய விஷயம். 10 டிகிரி குறைந்தால் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டரின் ஆயுள் ஏறத்தாழ இரட்டிப்பாகும். ஆனால் அகலமான இன்புட் வீச்சை எல்எல்சி தனியாகச் சமாளிக்காது. முன்னால் பிஎஃப்சி (பவர் ஃபேக்டரைத் திருத்தும் பகுதி) இருந்து 390 வோல்ட் அளவில் நிலையாகக் கொடுக்க வேண்டும். பிஎஃப்சி இல்லாத மலிவு மாடலை வாங்காதீர்கள். ரிப்பேரும் கஷ்டம்: மாஸ்பெட் போனால் ஜோடியாகப் போகும், அவற்றை ஓட்டும் டிரைவர் ஐசியையும் கூட்டிக்கொண்டு போகும். ரெசனன்ஸ் கெபாசிட்டருக்கு வேறு மதிப்பு போட்டால் ஃப்ரீக்வென்சியே நகர்ந்துவிடும். அதனால் எல்எல்சி மாட்டிய இடத்தில் ஸ்பேர் ஒன்றை வாங்கி வைக்கச் சொல்வேன்.

எந்த டிசைனாக இருந்தாலும் மூடியைக் கழற்றி, இரு பக்கத்துக்கும் நடுவே ஒளியால் சிக்னல் கடத்தும் ஆப்டோகப்ளருக்கு அடியில் பார்க்காமல் நான் மாட்டுவதில்லை. மெயின்ஸ் பக்கத்துக்கும் 24 வோல்ட் பக்கத்துக்கும் நடுவே போர்டில் நல்ல இடைவெளி இருக்க வேண்டும், பள்ளம் வெட்டியிருந்தால் இன்னும் நல்லது. நம் ஊர் ஈரக்காற்றில் அங்கே படியும் தூசியும் கரண்டைக் கடத்தும். ஆபரேட்டர் நாள் முழுக்கத் தொடும் புஷ் பட்டனுக்குப் போவது அந்த 24 வோல்ட் ஒயர்தான்.