ஹெட்செட்டில் தானாக ஏறி இறங்கும் வால்யூம்: என் நீண்ட நாள் அனுபவம்

யூஎஸ்பி வயர் கொண்ட கேமிங் ஹெட்செட் ஒன்றை இரண்டு வருடத்துக்கு மேலாகப் பயன்படுத்துகிறேன். வீடு சேலம் அம்மாப்பேட்டையில்; பக்கத்திலேயே தறி ஓடும். அந்தச் சத்தத்தை மறைக்க, காதை முழுதாக மூடும் வகை வேண்டும் என்றுதான் இதை எடுத்தேன். அந்த வேலையை நன்றாகவே செய்கிறது. எதிராளி எந்தப் பக்கம் நடக்கிறான் என்பது தெளிவாகக் கேட்கும். மைக்கையும் குறை சொல்ல முடியாது. சேலத்து வெயிலுக்கும் வியர்வைக்கும் காது மெத்தையின் ரெக்ஸின் உரிந்தது. துணி மெத்தை வாங்கி மாட்டினேன், அது தீர்ந்தது.

பெரிய தொல்லை வால்யூமில்தான் வந்தது. ஆட்டத்தின் நடுவில் தானாக இறங்கும். சில சமயம் கடகடவென்று ஏறும். இதைச் சின்ன எரிச்சல் என்று விடக்கூடாது. சத்தம் குறைந்தால் நாம் உடனே கூட்டி வைப்போம். குறைத்த காரணம் விலகியதும் மொத்தச் சத்தமும் காதில் வந்து அறையும். பெரியவர்களுக்கு 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை பாதுகாப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். சத்தம் கூடக் கூட அந்த நேரம் வேகமாகச் சுருங்கிவிடும்.

இந்தப் பிரச்சினையோடு யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: ஒலி மாறும் நேரத்தில் திரையில் வால்யூம் பட்டை தோன்றுகிறதா? முழுத்திரையில் ஆடினால் அது மறைந்துபோகலாம்; கேமின் திரை அமைப்பில் பார்டர்லெஸ் விண்டோவுக்கு (ஓரச் சட்டம் இல்லாத சாளரம்) மாற்றிவிட்டுப் பாருங்கள். பட்டை வந்தால் ஏதோ ஒரு பொத்தானோ சக்கரமோ கணினிக்குக் கட்டளை அனுப்புகிறது. வராமல் சத்தம் மட்டும் அமுங்கினால் அது பெரும்பாலும் மென்பொருளின் வேலை. இதைப் பார்க்காமல் டிரைவரை அழித்து ஏற்றுவது, விண்டோஸையே புதிதாகப் போடுவது எல்லாம் வீண் அலைச்சல்.

ஏற்காட்டில் இருக்கும் என் பெரியம்மா மகனுக்கு இரண்டாவது வகை. “அண்ணா, நீ பேசினாலே கேம் சத்தம் அமுங்கிப் போகுது” என்றான். “பட்டை வருதாடா?” “இல்லண்ணா.” சரி, காரணம் பிடிபட்டுவிட்டது. குரல் அழைப்பு நடப்பதாகத் தெரிந்தால் மற்ற ஒலிகளை 80 சதவீதம் குறைக்கும் வசதி விண்டோஸிலேயே இருக்கிறது. மாற்றாதவரை அதுதான் நடப்பில் இருக்கும். செட்டிங்ஸில் சிஸ்டம், சவுண்ட், அதன் அடியில் மோர் சவுண்ட் செட்டிங்ஸ், அங்கே கம்யூனிகேஷன்ஸ் பக்கத்தில் ‘டூ நத்திங்’ என்று வைக்கச் சொன்னேன். ஆடும்போது பேசிக்கொள்ளப் பயன்படும் டிஸ்கார்டு செயலியில் அட்டென்யூவேஷன் என்று இதே போல ஒன்று தனியாக உண்டு. அதையும் பூஜ்யத்துக்கு இறக்கினான். அன்றிலிருந்து தொல்லை இல்லை. புளூடூத் ஹெட்செட் வைத்திருப்பவர்களுக்கு வேறு கதை. அதன் மைக்கை இயக்கியதும் பல ஹெட்செட்கள் போன் அழைப்பு முறைக்கு மாறிவிடும். ஸ்டீரியோ போய் ஒலி சன்னமாகும். கணினிக்குத் தனி மைக் வைத்தால் அது தீரும்.

என்னுடையது முதல் வகை. பட்டை வந்தது, கீபோர்டைக் கழற்றிய பிறகும் வந்தது, ஹெட்செட்டைப் பிடுங்கியதும் நின்றது. வயரின் நடுவில் இருக்கும் வால்யூம் சக்கரம்தான் காரணம். உள்ளே இரண்டு தொடுமுனைகள் இருக்கின்றன. எது முதலில் தொடுகிறது என்பதை வைத்துத்தான் மேலா கீழா என்று அது முடிவு செய்கிறது. தறிக்கூடத்துப் பஞ்சுத் தூசியும் கை வியர்வையும் உள்ளே சேர்ந்தால் இந்த வரிசை குழம்பும். சோதிப்பது சுலபம்: சக்கரத்தை ஒரே பக்கமாக மெதுவாகச் சுற்றுங்கள். விண்டோஸில் ஒவ்வொரு படிக்கும் எண் 2 கூட வேண்டும். 40, 42, 40, 38 என்று பின்வாங்கினால் சக்கரம் தேய்ந்துவிட்டது அல்லது அடைத்திருக்கிறது.

வயரைக் கழற்றிவிட்டு கான்டாக்ட் கிளீனர் (மின் தொடுமுனைகளைச் சுத்தம் செய்யும் ஸ்ப்ரே) அடித்து, சக்கரத்தைப் பலமுறை உருட்டி, நன்றாகக் காயவிட்டேன். சில வாரம் நன்றாக இருந்தது, அப்புறம் பழையபடி ஆனது. நிரந்தரமாகக் கைகொடுத்தது, கணினியில் இணைந்த கருவிகளைப் பட்டியலிடும் விண்டோஸின் டிவைஸ் மேனேஜர். அதில் ‘ஹெச்ஐடி கம்ப்ளையன்ட் கன்ஸ்யூமர் கன்ட்ரோல் டிவைஸ்’ என்று இருப்பதை டிசேபிள் செய்தேன். கீபோர்டுக்கும் இதே பெயரில் ஒன்று இருக்கும், அதனால் வியூ மெனுவில் ‘டிவைசஸ் பை கனெக்‌ஷன்’ முறைக்கு மாற்றி, ஹெட்செட்டுக்குக் கீழே வருவதை மட்டும் நிறுத்துங்கள். சக்கரம் செயலிழக்கும், ஒலியும் மைக்கும் வழக்கம்போல் வேலை செய்யும். வால்யூமுக்கு கீபோர்டே போதும்.

ஹெட்செட்டைப் பரிந்துரைப்பேனா? ஒலிக்காகக் கட்டாயம். ஆனால் தூசி அதிகமுள்ள இடத்தில் இருப்பவர்கள் சக்கரம் இல்லாத மாடலையோ 3.5 மில்லிமீட்டர் பின் உள்ளதையோ பார்ப்பது நல்லது. பின் வகையில் வரும் சாதாரண சக்கரம் பழசானால் கரகரக்கும், ஒரு பக்கக் காது விட்டுவிட்டுக் கேட்கும். ஆனால் கணினியின் வால்யூமைத் தொடாது.