உருளும் பேரிங்கா, ஆயிலில் மிதக்கும் பேரிங்கா?

பால் பேரிங்கில் உராய்வு குறைவு, ஜர்னல் பேரிங் பழங்காலத்துச் சரக்கு என்று நினைப்பவர்கள் இன்னமும் நிறையப் பேர். இந்த நினைப்பில் முன்பாதி அரை உண்மை, பின்பாதி முழுத் தப்பு. பால் பேரிங்கில் இரண்டு வளையங்களுக்கு நடுவே எஃகுக் குண்டுகள் உருளும்; ஜர்னல் பேரிங்கில் குண்டு கிடையாது, ஷாஃப்ட் (சுழலும் தண்டு) ஓர் உருளை உறைக்குள் ஆயில் படலத்தின் மேல் சுழலும். சாதாரண டீப் குரூவ் பால் பேரிங்கின் உராய்வுக் குணகம் சுமார் 0.0015. ஆயில் படலத்தில் முழுதாக மிதந்து ஓடும் ஜர்னல் பேரிங்கிலும் அது ஆயிரத்தில் சில பங்குதான். ஓடிக்கொண்டிருக்கும்போது இரண்டும் கிட்டத்தட்ட ஒரே ஊர்க்காரர்கள். வித்தியாசம் தெரிவது நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போது. பால் பேரிங் ஏறக்குறைய அதே லேசான உராய்வோடு கிளம்பிவிடும். ஜர்னல் பேரிங்கில் அந்த நொடியில் ஷாஃப்ட் நேராக உலோகத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது; உராய்வுக் குணகம் 0.1-ஐத் தாண்டும்.

ஆகவே உராய்வு எண்ணை மட்டும் வைத்து இரண்டில் ஒன்றைப் பொறுக்குவது வீண் வேலை. உலோகத்தை உலோகத்திடமிருந்து பிரித்து வைக்கும் படலத்தை உண்டாக்குவது யார், அது எப்போது இல்லாமல் போகிறது, போனால் என்ன ஆகும்? இதைக் கேட்டால் தேர்வு பெரும்பாலும் தானாகவே அமைந்துவிடும்.

ஜர்னல் பேரிங்கில் படலத்தை உண்டாக்குவது ஷாஃப்ட்தான். இதைக் கண்டுபிடித்த விதம் சுவாரசியமானது. 1883-இல் பிரிட்டனில் பீச்சம்ப் டவர் ரயில் அச்சு பேரிங்குகளின் உராய்வை அளந்துகொண்டிருந்தார். ஆயில் விடுவதற்காக பேரிங்கின் மேற்பக்கம் ஒரு துளை போட்டார். அச்சைச் சுழற்றியதும் அந்தத் துளை வழியே ஆயில் மேலே பொங்கி வந்தது. கார்க்கை வைத்து அடைத்தார், தள்ளிவிட்டது. மர முளை அடித்தார், அதுவும் வெளியே வந்துவிட்டது. கடைசியில் அழுத்தமானியைப் பொருத்திப் பார்த்தால், பேரிங் தாங்கிய சராசரி அழுத்தத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் காட்டியது. பம்ப் எதுவும் இல்லை. சுழலும் அச்சே ஆயிலை இழுத்துக்கொண்டு போய் அழுத்தம் உண்டாக்கியிருந்தது. அழுத்தம் உச்சத்தில் இருக்கும் இடத்தில் ஆயில் துளை போடக்கூடாது என்ற பாடமும் இதிலேயே இருக்கிறது. ஆயில் பள்ளத்தை சுமை இல்லாத பக்கத்தில் வைக்க வேண்டும். இன்றும் புஷ் (ஜர்னல் பேரிங்கின் உறை) மாற்றும்போது அதைத் திருப்பிப் போட்டு, 140 வருடம் பழைய தப்பைப் புதிதாகச் செய்பவர்கள் உண்டு.

1886-இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் இதற்குக் கணக்கு போட்டுக் கொடுத்தார். ஷாஃப்ட் பேரிங்கின் நடுவில் இல்லாமல் கொஞ்சம் ஒதுங்கி நிற்பதால் இடைவெளி ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் குறுகலாகவும் ஆகிறது. பாகுத்தன்மையுள்ள திரவம் அகலத்திலிருந்து குறுகலுக்குள் இழுக்கப்படும்போது அழுத்தம் எழும்புகிறது. மழைத் தண்ணீர் தேங்கிய சாலையில் வேகமாகப் போகும் கார் டயர் தரையை விட்டு எழும்பி வழுக்குகிறதே, அதுவும் கிட்டத்தட்ட இந்த வகைதான். இதற்கு மூன்று வேண்டும்: குறுகும் இடைவெளி, வேகம், பாகுத்தன்மை. ஒன்று குறைந்தாலும் படலம் மெலியும், ஒன்று இல்லாவிட்டால் படலமே இல்லை.

பால் பேரிங்குக்கும் ரெனால்ட்ஸ் கணக்கு பொருந்த வேண்டும் அல்லவா? போட்டுப் பார்த்தவர்களுக்கு இடித்தது. 1916-இல் மார்ட்டின் கியர் பற்களுக்கு இந்தக் கணக்கைப் போட்டபோது கிடைத்த படலம், பல்லின் மேற்பரப்புச் சொரசொரப்பை விட மெல்லியது. அப்படியானால் கியர்கள் சீக்கிரமே தேய்ந்து போயிருக்க வேண்டும். ஆனால் அவை நன்றாகவே ஓடின. விடை கிடைக்கப் பல பத்தாண்டுகள் ஆயின. 1940-களில் சோவியத் நாட்டில் எர்டெலும் குரூபினும், பிறகு 1959-இல் இங்கிலாந்தில் டவ்சனும் ஹிக்கின்சனும் கண்டது இதுதான்: குண்டும் அது ஓடும் வளையமான ரேஸும் தொடும் புள்ளியில் அழுத்தம் 1 முதல் 3 கிகாபாஸ்கல் வரை போகிறது. அந்த அழுத்தத்தில் ஆயிலின் பாகுத்தன்மை பல்லாயிரம் மடங்குக்கும் மேல் ஏறி, கிட்டத்தட்டத் திடப்பொருள் மாதிரி நடந்துகொள்கிறது. கூடவே எஃகும் மீள்தன்மையோடு அமுங்கி, ஆயிலுக்கு ஒரு சின்ன சமதளம் ஒதுக்கித் தருகிறது. அதில் நிற்கும் படலம் ஒரு மைக்ரானுக்கும் கீழே. ஜர்னல் பேரிங்கில் சில மெகாபாஸ்கல் அழுத்தமும், பத்து இருபது மைக்ரான் படலமும் சகஜம். இரண்டும் ஆயில் படலம்தான், ஆனால் உள்ளே நடக்கும் கதை வேறு.

இங்கேதான் ஒப்பீட்டின் ருசியான இடம் வருகிறது. இந்தப் படலத்தின் தடிமனைக் கணக்கிடும் ஹாம்ராக்-டவ்சன் சூத்திரப்படி, பால் பேரிங்கில் வேகத்தை இரட்டித்தால் படலம் சுமார் 1.6 மடங்கு தடிக்கிறது. சுமையை இரட்டித்தால் படலம் 5 சதவீதம்தான் மெலிகிறது. அதாவது படலத்துக்குச் சுமை ஒரு பொருட்டே இல்லை. ஆனால் உலோகத்துக்கு அது பெரிய பொருட்டு. லுண்ட்பெர்க்கும் பால்ம்கிரெனும் 1947-இல் வகுத்த விதிப்படி, பால் பேரிங்கின் ஆயுள் சுமையின் மும்மடிக்கு எதிராகப் போகிறது. சுமை இரட்டித்தால் ஆயுள் எட்டில் ஒன்று. எண்ணெய் போதாமல் சாவது வேறு. எண்ணெய் சரியாக இருந்தும், மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே ஒவ்வொரு உருளலிலும் எஃகு அழுந்தி அழுந்திச் சோர்ந்து, விரிசல் மேலே வந்து செதில் பெயர்வது வேறு. ரோலிங் பேரிங் (பால், ரோலர் என உருளும் வகை எல்லாம்) வாங்கும்போது தருகிற ஆயுள் எண், அதே மாதிரி பேரிங்குகளில் 90 சதவீதம் தாக்குப்பிடிக்கும் சுழற்சிகளின் எண்ணிக்கை. மீதி பத்து சதவீதத்தில் உங்களுடையது இருக்காது என்று யாரும் சொல்லவில்லை.

ஜர்னல் பேரிங்குக்கு இப்படி ஒரு ஆயுள் எண்ணே கிடையாது. சுமை நிதானமாக, ஆயில் சுத்தமாக, ஓட்டம் தொடர்ச்சியாக இருந்தால் அது தேயக் காரணமே இல்லை. பெரிய டர்பைன்களில் பல பத்தாண்டுகள் ஓடும் பேரிங்குகள் உண்டு. இதன் மறுபக்கம்: அதன் தேய்மானம் ஓடிய மணி நேரத்தில் இல்லை, கிளம்பி நின்ற எண்ணிக்கையில் இருக்கிறது. வருடத்துக்குச் சில தடவை மட்டும் நிற்கும் இயந்திரத்துக்கு ஜர்னல் பேரிங் அரசன். நிமிடத்துக்கு ஒருமுறை நின்று கிளம்பும் கன்வேயருக்கு அதைப் போடுவது அநியாயம். சிக்னலில் தானாக அணைந்து கிளம்பும் கார் எஞ்சின்கள் வந்த பிறகு கிராங்க் பேரிங் ஷெல்களுக்கு பாலிமர் பூச்சு பரவலாக வந்ததும் இந்தக் காரணத்தால்தான்.

வெப்பத்தில் இரண்டும் நடந்துகொள்வதைச் சொல்லாமல் விட முடியாது. ஐஎஸ்ஓ விஜி 46 என்ற தரத்துக் கனிம ஆயிலின் பாகுத்தன்மை 40 டிகிரி செல்சியஸில் 46 சென்டிஸ்டோக்ஸ்; 100 டிகிரியில் சுமார் 7. இவ்வளவு மெலியும் ஒன்றை நம்பி எப்படி ஷாஃப்டை மிதக்க விடுவது? ஸ்ட்ரிபெக் 1902-இல் வெளியிட்ட வளைவில் பதில் இருக்கிறது. இடமிருந்து வலமாகப் படலம் தடிக்கத் தடிக்க உராய்வு எப்படி மாறுகிறது என்று காட்டும் வளைவு அது. முழுப் படலம் உள்ள வலது பக்கத்தில், சூடேறி ஆயில் மெலிந்தால் உராய்வும் குறைகிறது. உராய்வு குறைந்தால் வெப்பமும் குறைகிறது. பேரிங் தன்னைத்தானே சமன் செய்துகொள்கிறது. இடது பக்கத்தில் எல்லாம் தலைகீழ். ஆயில் மெலிந்தால் உலோகம் உரசி உராய்வு ஏறுகிறது, வெப்பம் கூடுகிறது, ஆயில் இன்னும் மெலிகிறது. ஜர்னல் பேரிங்கின் உட்புறத்தில் பூசும் மென்மையான பாபிட் உலோகம் சுமார் 240 டிகிரியிலேயே இளக ஆரம்பித்துவிடும். ஆயில் பம்ப் நின்றுபோன பெரிய ஜர்னல் பேரிங்குக்கு மிச்சமிருக்கும் நேரம் மிகக் குறைவு. ரோலிங் பேரிங் இந்த விஷயத்தில் பொறுமைசாலி. சொட்டு கிரீஸில் வருடக்கணக்கில் ஓடும், வறண்டாலும் முதலில் சத்தம் போட்டு எச்சரிக்கும். சின்ன இயந்திரங்களில் அது ஜெயித்ததற்கு முக்கியக் காரணம் உராய்வைவிட இந்தப் பொறுமைதான் என்பது என் கணிப்பு.

வேகம் பெரிதாகும்போது ஆட்டம் மாறும். 500 மில்லிமீட்டர் ஷாஃப்ட், நிமிடத்துக்கு 3000 சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். மின் நிலைய டர்பைன் அளவு. விட்டத்தையும் சுற்றையும் பெருக்கினால் 15 லட்சம். சாதாரண கிரீஸ் பேரிங்குகள் ஐந்து லட்சம் வாக்கிலேயே திணறத் தொடங்கும். ஜெட் எஞ்சின் மெயின் ஷாஃப்ட் பேரிங்குகள் 20 லட்சத்தைத் தாண்டுகின்றன, உண்மைதான்; ஆனால் அவை அடிக்கடி கவனிக்கப்படுபவை, பல டன் ரோட்டரைத் தாங்குபவையும் அல்ல. அந்த டர்பைனுக்கு ஜர்னல் பேரிங்கை விட்டால் நடைமுறையில் வேறு வழியில்லை. விலை என்ன என்றால், ஆயிலை வழித்து வழித்தே ஒரு பேரிங்கில் நூறு கிலோவாட்டுக்கு மேல் வெப்பமாகப் போகும்.

அப்புறம் அதிர்வு. ஆயில் படலம் அதிர்வை நன்றாக உறிஞ்சும்; எஃகுக் குண்டுகள் உறிஞ்சாது. அதனால்தான் விமான எஞ்சினில் ரோலிங் பேரிங்கின் வெளி வளையத்தைச் சுற்றி ஒரு மெல்லிய ஆயில் படலத்தைத் தனியாக வைக்கிறார்கள். ஆனால் இதே படலம் துரோகமும் செய்யும். ஆயிலின் சராசரி வேகம் ஷாஃப்ட் மேற்பரப்பு வேகத்தில் ஏறக்குறையப் பாதி. சுமை லேசாக இருந்தால் ஷாஃப்ட் அந்த வேகத்தில், பாதிக்குச் சற்றுக் கீழே, பேரிங்குக்குள் வலம் வர ஆரம்பிக்கும். இதுதான் ஆயில் வேர்ல். ஷாஃப்டின் முதல் அதிர்வு வேகத்தைப் போல இரண்டு மடங்கைத் தாண்டினால் அது ஆயில் விப் ஆக முற்றும். நியூகிர்க்கும் டெய்லரும் 1925-இல் இதை விவரித்தார்கள். வேகத்தைக் கூட்டினாலும் தீராது, பாலன்ஸ் செய்தாலும் தீராது. பேரிங்கின் வடிவத்தைத்தான் மாற்ற வேண்டும்.

அந்த மாற்று, சாயும் பட்டைகள் கொண்ட பேரிங். ஆஸ்திரேலியாவில் மிச்செல், அமெரிக்காவில் கிங்ஸ்பரி, இருவரும் தனித்தனியாக இந்த யோசனைக்கு வந்தார்கள். பட்டைகள் ஒவ்வொன்றும் சுமைக்கேற்பத் தானே சாய்ந்து தனக்கு வேண்டிய ஆப்பு வடிவத்தை அமைத்துக்கொள்கின்றன. 1912-இல் பென்சில்வேனியாவின் ஹோல்ட்வுட் நீர்மின் நிலையத்தில் கிங்ஸ்பரியின் த்ரஸ்ட் பேரிங் முதன்முதலாகப் பொருத்தப்பட்டது. செங்குத்து ஷாஃப்ட் டர்பைனின் மொத்தப் பாரத்தையும் தாங்கும் வேலை அது. அதற்கு முன் அங்கே போட்ட ரோலர் பேரிங்குகள் சீக்கிரம் தேய்ந்துகொண்டிருந்தன. இந்த ஒரு மோதலில் யார் ஜெயித்தார்கள் என்பதில் சந்தேகமே இல்லை.

மற்ற போட்டியாளர்களைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ஹைட்ரோஸ்டாட்டிக் பேரிங்கில் படலத்தை உண்டாக்குவது வெளியே இருக்கும் பம்ப். வேகமே தேவையில்லை. பாலோமர் மலையில் உள்ள 200 அங்குல ஹேல் தொலைநோக்கியின் நகரும் பாகம் 500 டன் வாக்கில். நாளுக்கு ஒரு சுற்று என்ற வேகத்தில் தானாகப் படலம் உருவாக வழியே இல்லை, ஆகவே பம்ப் அழுத்தும் ஆயிலில் மிதக்கிறது. துல்லியமான கிரைண்டிங் மெஷின்களுக்கும் இது பிடித்தமானது. பம்ப் நின்றால் எல்லாம் நின்றது. பெரிய டர்பைன்களில் கிளம்பும் நேரத்துக்கு மட்டும் ஜாக்கிங் ஆயில் கொடுத்துத் தூக்கிவிட்டு, வேகம் பிடித்ததும் அதை நிறுத்துவது இரண்டு முறைகளின் நல்ல கலவை.

ஆயிலுக்குப் பதில் காற்றுப் படலத்தில் மிதக்கும் காற்று பேரிங்கில் பாகுத்தன்மை சிக்கல் ஆகிறது. விஜி 32 ஆயிலை விடக் காற்று ஆயிரம் மடங்குக்கு மேல் மெல்லியது, அதனால் சுமை குறைவு, இடைவெளி மிக நுண்ணியது. ஒரு நல்ல குணம்: சூடானால் ஆயில் மெலியும், காற்றின் பாகுத்தன்மையோ கூடும். விமானக் கேபின் குளிர்விப்பு இயந்திரங்களில் ஃபாயில் பேரிங் (மெல்லிய உலோகத் தகடு வைத்த காற்று பேரிங்) நிலைத்ததற்கு ஆயில் கலப்பே இல்லாததும் இந்தக் குணமும் காரணம். காந்த பேரிங்கில் படலமே கிடையாது, ஷாஃப்டைத் தாங்குவது காந்த விசை. நிரந்தரக் காந்தங்களை மட்டும் வைத்து ஒரு பொருளை நிலையாக மிதக்கவிட முடியாது என்பது 1842-இலேயே எர்ன்ஷா நிறுவிய தேற்றம். ஆகவே சென்சார், கன்ட்ரோலர், மின்காந்தம் எல்லாம் வேண்டும். மின்சாரம் போனால் ரோட்டரைப் பிடித்துக்கொள்ள அடியில் வைத்திருப்பது பெரும்பாலும் பழைய பால் பேரிங்தான்.

கடைசியாக, எல்லை நகர்ந்துகொண்டிருக்கும் ஓர் இடம். கியர்பாக்ஸில் ரோலிங் பேரிங் என்பது வெகு காலம் கேள்வியே இல்லாத முடிவு. இப்போது பிராட் அண்ட் விட்னியின் கியர் வைத்த டர்போஃபேன் எஞ்சினில் விசிறியை ஓட்டும் கியர்கள் ஜர்னல் பேரிங்கில் ஓடுகின்றன. காற்றாலை கியர்பாக்ஸில் நடுக் கியரோடு இணைந்து அதைச் சுற்றி அமைந்த பிளானட் கியர்களிலும் ரோலர்களை எடுத்துவிட்டு வழுக்கும் பேரிங்குகளைப் போடுகிறார்கள். குறுகிய இடத்தில் பெரிய சுமை, சோர்வால் செதில் பெயரும் பயம் இல்லை என்ற இரண்டு லாபங்கள். விமானத்துக்கு இந்த முடிவு எளிது, அதன் ஆயில் எப்போதும் ஓடும். காற்றாலை அப்படியல்ல. காற்று விட்டுவிட்டு வீசும்போது நின்று நின்று கிளம்பும், மெதுவாகச் சுற்றும், சில நேரம் அழுத்தம் குறைந்த ஆயிலோடு சும்மா உருளும். ஜர்னல் பேரிங்குக்குப் பிடிக்காத மூன்றும் அங்கே ஒன்றாக இருக்கின்றன. அதனால் அங்கே முழுப் பந்தயமும் பூச்சுப் பொருளின் மேல் கட்டப்பட்டிருக்கிறது: படலம் இல்லாத அந்தச் சில நொடிகளை எத்தனை ஆயிரம் தடவை அது தாங்கும் என்பதைப் பரிசோதனை மேடையில் கிளப்பிக் கிளப்பி நிறுத்தித்தான் பார்க்க வேண்டும்.