மலைக்கிராம ஆரம்ப சுகாதார நிலையம்: டீசலா, லெட் ஆசிட்டா, லித்தியமா?

ஜவ்வாது மலையிலோ கல்வராயன் மலையிலோ ஆறு படுக்கை, ஒரு பிரசவ அறை கொண்ட ஆரம்ப சுகாதார நிலையம் என்று வைத்துக்கொள்வோம். மின்வாரியக் கம்பி வந்திருக்கும். ஐப்பசி மழையில் மரம் சாய்ந்தால் கரண்ட் திரும்ப இரண்டு நாளும் ஆகலாம். அந்த இரண்டு நாளை எதை வைத்து ஓட்டுவது?

விலையைக் கேட்கும் முன் இரவுக் கணக்கைப் போடுங்கள். மாலை 6 முதல் காலை 6 வரை 9 வாட் எல்.இ.டி. விளக்கு 12, 28 வாட் பி.எல்.டி.சி. (குறைந்த மின்சாரம் இழுக்கும் ரகம்) மின்விசிறி 6, காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் 350 வாட்டில் 4 மணி நேரம், குழந்தை வார்மர் 600 வாட்டில் 2 மணி நேரம். கூட்டினால் சுமார் 6 யூனிட். அதே ஆறு விசிறியும் பழைய 75 வாட் ரகமாக இருந்தால் இன்னும் 3.4 யூனிட் ஏறும். விசிறியை மாற்றாமல் பேட்டரி வாங்கப் போவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற வேலை.

ஆட்டோக்ளேவ் (கருவிகளை நீராவியில் கிருமி நீக்கும் இயந்திரம்), வெந்நீர், தண்ணீர் மோட்டார் மூன்றையும் இந்தக் கணக்கில் வேண்டுமென்றே சேர்க்கவில்லை. சூடாக்குகிற எதுவும் பேட்டரிக்கு எமன். பேட்டரியைக் கூரை சோலார் பேனல்தான் நிரப்பும் என்பதால், ஆட்டோக்ளேவை நல்ல வெயிலில், காலை 10 மணிக்கும் 2 மணிக்கும் நடுவில் ஓட்டலாம். வெந்நீருக்குக் கூரையில் சோலார் ஹீட்டர். மேல்நிலைத் தொட்டி மதியத்துக்குள் நிரம்பிவிட வேண்டும்.

10 கே.வி.ஏ. டீசல் ஜெனரேட்டரை இந்த இரவுக்கு ஓட்டிப் பாருங்கள். சராசரிச் சுமை அரை கிலோவாட்தான். ஆனாலும் மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் குடிக்கும். நல்ல சுமையில் லிட்டருக்கு 3 யூனிட் தரக்கூடிய இயந்திரம் இங்கே அரை யூனிட்கூடத் தராது. லிட்டருக்கு 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வேறு. சுமை போதாமல் நாள்கணக்கில் ஓடினால் எரியாத எண்ணெய் சைலன்சர் வாயில் கறுப்பாக வடியும், இன்ஜினில் கரி படியும். பாதை அறுந்த அன்று கேனும் மேலே வராது. அதற்குள்ள ஒரே பெருமை: எந்த ஊர் மெக்கானிக்கும் பழுது பார்ப்பார்.

லெட் ஆசிட் என்றால் 12 வோல்ட் 150 ஏ.எச். (ஆம்பியர்-மணி) டியூபுலர் பேட்டரி எட்டு வேண்டும். ஏட்டில் 14.4 யூனிட், பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் குறையும் என்பதால் கையில் 7.2தான். ஒவ்வொன்றும் ஐம்பது கிலோவுக்கு மேல். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும். காற்றோட்டமுள்ள தனி அறை கட்டாயம். மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை மிதவையைப் பார்த்து டிஸ்டில்ட் வாட்டர் ஊற்ற வேண்டும். ஊற்றுத்தண்ணீர் பளிங்காக இருக்கிறதே என்று அதை ஊற்றுவதில்தான் பல பேட்டரிகள் சாகின்றன. எட்டில் ஒன்று போனால் புதியது ஒன்றை நுழைப்பதும் தப்பு. பழையவை அதையும் இழுத்துக்கொண்டு போகும். பழைய ஈயத்தை இரும்புக்கடைக்குப் போடாமல் விற்றவரிடமே திருப்புங்கள். திறந்த வெளியில் ஈயம் உருக்கும் புகை குழந்தைகளுக்கு விஷம்.

லித்தியத்தில், அதாவது எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) ரகத்தில், 51.2 வோல்ட் 100 ஏ.எச். இரண்டு போதும். 80 சதவீதம் இறக்கினாலும் 8.2 யூனிட், தண்ணீர் வேலை இல்லை. வாங்கும்போது விலை அதிகம். ஆனால் லெட் ஆசிட்டை மூன்று முதல் ஐந்து ஆண்டில் மாற்றுகிற இடத்தில் இது பத்தாண்டு வரை தாங்கும். எங்கள் தேர்வு இதுதான். ஆனால் இரண்டு கண்ணிகள் உண்டு. இன்வெர்ட்டரை லெட் ஆசிட் அமைப்பிலேயே விட்டால், ஈக்வலைசேஷன் (லெட் ஆசிட் செல்களைச் சமப்படுத்த வேண்டுமென்றே தரும் கூடுதல் சார்ஜ்) நேரத்தில் வோல்ட்டேஜ் ஏறி, பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்புச் சுற்றான பி.எம்.எஸ். மொத்தத்தையும் துண்டித்துவிடும், அந்த அமைப்பை அணைத்துவிட்டீர்களா என்று முதல் நாளே பாருங்கள். இன்னொன்று, லித்தியத்தின் வோல்ட்டேஜ் கடைசி வரை பெரிதாக இறங்காது. முன்னறிவிப்பே இல்லாமல் இருண்டுபோகும். சதவீதம் காட்டும் திரை பேட்டரி அறையில் இருந்து என்ன பயன்? செவிலியர் மேசைக்கு எதிரில் இருக்க வேண்டும்.

எந்த பேட்டரியானாலும் இரவுச் சுற்றுக்குத் தனி ஒயரிங், 6 ஆம்பியர் சாக்கெட் மட்டும். வெந்நீர் ராடின் 16 ஆம்பியர் பிளக் அதில் நுழையாது. தடை அறிவிப்பு ஒட்டுவதைவிட இது நன்றாக வேலை செய்யும்.

கூரையில் 540 வாட் பேனல் பத்து போட்டால் நல்ல வெயிலில் நாளுக்கு 20 யூனிட். அடைமழையில் ஐந்தே வந்தாலும் ஆச்சரியமில்லை. அப்போது முதலில் கான்சன்ட்ரேட்டரை நிறுத்தி சிலிண்டருக்கு மாறுங்கள். 7,000 லிட்டர் டி டைப் சிலிண்டர், நிமிடத்துக்கு 5 லிட்டர் வீதம் 23 மணி நேரம் வரும்.

தடுப்பூசி ஃபிரிட்ஜை மட்டும் இந்தப் போட்டிக்குள் கொண்டுவராதீர்கள். பேட்டரியே இல்லாத சோலார் டைரக்ட் டிரைவ் ஃபிரிட்ஜ், தனக்கென்று தனி பேனலோடு, பனிக்கட்டியில் குளிர்ச்சியைச் சேமித்து வெயிலில்லாமல் மூன்று நாளாவது 2 முதல் 8 டிகிரி வரை தாங்கும். மிச்சமிருக்கும் வெயிலில் போன் சார்ஜ் போடலாமே என்று அந்த பேனலிலிருந்து ஒயர் இழுக்க யாரையும் விடாதீர்கள். பேனலை மாட்டும் முன் ஒரு நாள் காலை 9 முதல் 4 வரை அதன் இடத்தில் எந்தக் கிளையின் நிழல் விழுகிறது என்று பார்த்து, வெட்ட வேண்டியதை வெட்டிவிடுங்கள்.