மவுண்டன் பைக்குக்கு வீல் செட் வாங்கப் போறீங்களா? ஸ்டிக்கரை நம்பாதீங்க

நாகர்கோவில் பக்கம் மவுண்டன் பைக்குக்கு வீல் செட் (முன், பின் சக்கர ஜோடி) வாங்க நினைப்பவர்கள் இதை ஒருமுறை படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். கடையின் பெயரை எழுதவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது முடியட்டும். ஆனால் என்ன நடந்தது என்பதைச் சொல்லாமல் இருக்க மனசு வரவில்லை. அதே செட் இன்றும் அந்தக் கடை வாசலில் தொங்குகிறது.

என்னுடையது 29 இஞ்ச் ஹார்ட்டெயில், அதாவது முன்பக்கம் மட்டும் ஷாக் உள்ள மவுண்டன் பைக். என் எடை 94 கிலோ. ஒரு ஞாயிறு பூதப்பாண்டி, தடிக்காரன்கோணம் வழியாகக் கீரிப்பாறைக்கு ஏறி ரப்பர் தோட்டத்துக் கல் பாதையில் இறங்குவேன். அடுத்த ஞாயிறு முட்டம், சொத்தவிளை என்று கடலோரம். நம் மாவட்டத்தில் சக்கரத்துக்கு மலையில் கல், கடலோரத்தில் உப்புக்காற்று. இடையில் ஜூனில் ஒரு மழைக்காலம், அக்டோபரில் இன்னொன்று. பழைய பின் ரிம் ஒரு கல்லில் அடித்து நெளிந்துபோனதால் புது செட் தேடினேன்.

கடையில் என் எடை, ஓட்டும் பாதை எல்லாம் தெளிவாகச் சொன்னேன். எடை குறைவாக இருக்க வேண்டாம், உழைத்தால் போதும் என்றேன். அவர் ஒரு செட்டை எடுத்துக் காட்டினார். "டபுள் வால் ரிம், 32 கம்பி, அத்தனையும் ஸ்டெயின்லெஸ். ஹப்பு சீல்டு பேரிங். கண்ண மூடிட்டு ஓட்டுங்கண்ணே." டபுள் வால் என்றால் உள்ளே இரட்டைச் சுவர் உள்ள ரிம். ஹப் என்பது சக்கரத்தின் நடுப்பகுதி. சீல்டு பேரிங் என்றால் தண்ணீர், தூசி புகாமல் மூடி வரும் பேரிங். ரிம்மில் பெரிய ஸ்டிக்கர். 11,500 ரூபாய் கொடுத்தேன். பில்லில் எழுதியிருந்தது "சைக்கிள் வீல் - 1 செட்". அவ்வளவுதான். அவர் வாயால் சொன்ன ஒரு சொல்கூட அந்தத் தாளில் இல்லை என்பதை அன்று நான் கவனிக்கவில்லை.

மூன்றாவது வாரம் ஏற்றத்தில் மிதிக்கும்போது பின்னால் டிக் டிக் என்று சத்தம். கொண்டுபோய்க் காட்டினேன். நிப்பிள் (கம்பியை ரிம்மோடு இறுக்கும் சின்னத் திருகு) சாவியால் ரெண்டு திருகு திருகிவிட்டு, "புது வீல் செட் ஆகுற சத்தம்" என்றார். புதுச் சக்கரம் முதல் ஓட்டத்தில் சத்தம் போடுவது உண்மைதான். கட்டும்போது கம்பியில் ஏறிய முறுக்கு விடுபடும் சத்தம் அது. மூன்று வாரம் கழித்து வந்தால் அது வேறு விஷயம்.

ஐந்தாவது வாரம் கீரிப்பாறை இறக்கத்தில் இடதுபக்கம் ரெண்டு கம்பி, ஹப்பை ஒட்டிய வளைவில், அடுத்தடுத்து அறுந்தன. சக்கரம் கோட்டமாகி டயர் ஃப்ரேமில் உரசியது. டிஸ்க் பிரேக் என்பதால் நிறுத்த முடிந்தது. ரிம்மைப் பிடிக்கிற பிரேக்காக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே பிடிக்கவில்லை. ரப்பர் பால் வெட்டப் போன ஒருவர் நின்று, அறுந்த கம்பிகளைப் பக்கத்துக் கம்பியில் சுற்றிவிட உதவினார். மழையில் தடிக்காரன்கோணம் வரை உருட்டிக்கொண்டே வந்தேன்.

மறுநாள் கடையில், நாலு பேர் நிற்கும்போது அவர் சொன்னது: "உங்க வெயிட்டுக்கு எந்த வீலும் நிக்காது. கல்லுல கொண்டு இடிச்சிட்டு வந்து எங்கிட்ட கேட்டா?" பணம் போனதைவிட இதுதான் எனக்கு வலித்தது. எடையை மறைத்தா வாங்கினேன்? முதல் வார்த்தையே அதுதானே.

தக்கலையில் எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் நாற்பது வருஷமாகக் கோட்டம் எடுக்கிறவர். அவரிடம் கொண்டுபோனேன். கம்பிகளை ஒவ்வொன்றாக விரலால் சுண்டினார். நன்றாகக் கட்டிய சக்கரத்தில் ஒரே பக்கத்துக் கம்பிகள் கிட்டத்தட்ட ஒரே சுதியில் ஒலிக்க வேண்டும். இதில் ஒன்று ணங் என்றது, அடுத்தது தொப் என்றது. "மக்ளே, இது கெட்டின வீல் இல்ல. கம்பியக் கோத்து வச்சிருக்கு, அவ்வளவுதான்" என்றார்.

அவர் விளக்கியதைச் சொல்கிறேன், இதுதான் இந்தப் பதிவில் முக்கியம். பின்சக்கரத்தில் வலதுபக்கம் கேஸட் (செயின் ஓடும் பல்சக்கரக் கொத்து) இருப்பதால் அந்தப் பக்கத்துக் கம்பிகள் செங்குத்தாக நிற்கும், இழுப்பும் அதிகமாக இருக்கும். வலதுபக்கம் கம்பிக்கு 100 முதல் 120 கிலோ வரை இழுப்பு இருப்பது வழக்கம். வலதில் போதிய இழுப்பு இல்லையென்றால் இடதுபக்கம் தொளதொளவென்று ஆகிவிடும். அப்படித் தளர்ந்த கம்பி, சக்கரம் ஒவ்வொரு சுற்று சுற்றும்போதும் தொய்ந்து இறுகும். ஒரு கம்பியைத் திரும்பத் திரும்ப மடக்கி நிமிர்த்தினால் எப்படி ஒடியுமோ, அப்படி வளைவில் ஒடியும். கல்லில் இடித்தால் ரிம் நெளியும், இப்படிக் கம்பி வளைவில் அறாது. என் ரிம்மில் ஒரு நெளிவுகூட இல்லை.

பிறகு ரிம்மின் உள்பக்கம் நிப்பிள்களை மூடியிருக்கும் ரிம் டேப்பைக் கழற்றினார். கம்பியின் முனை நிப்பிளின் தலையில் உள்ள வெட்டு வரை வந்திருக்க வேண்டும். இதில் பல கம்பிகள் அதற்கு மூன்று நாலு மில்லிமீட்டர் கீழேயே நின்றுவிட்டன. ஒரு நிப்பிளின் தலை ஏற்கெனவே கீறல் விட்டிருந்தது. 29 இஞ்சுக்கு எல்லாம் ஒரே அளவுக் கம்பிதான் என்று கடையில் சொல்வார்கள், நம்பாதீர்கள். ரிம்மின் ஆழம், ஹப்பில் கம்பி மாட்டும் விளிம்பின் அகலம், எத்தனை குறுக்கு போட்டு (ஒரு கம்பி எத்தனை கம்பிகளைக் குறுக்கே தாண்டும்படி) கட்டுகிறோம் என்பதைப் பொறுத்து நீளம் மாறும். ஒரே சக்கரத்தில் வலதுக்கும் இடதுக்கும்கூட நீளம் வேறு.

அடுத்து பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தம். கம்பியில் பட்டதும் பட்டென்று ஒட்டிக்கொண்டது. ஸ்டெயின்லெஸ் கம்பியை இழுத்து நீட்டிச் செய்வதால் காந்தத்துக்கு லேசான பிடிப்பு இருக்கலாம், அதை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்ல முடியாது என்று அவரே சொன்னார். ஆனால் முட்டம் உப்புக்காற்றில் ஐந்தே வாரத்தில் வளைவில் துரு பிடித்திருந்ததே, அதற்கு என்ன பதில்? மேல்பூச்சு போட்ட சாதாக் கம்பி அது.

ஹப்பைத் திறந்தால் கறுப்பு ரப்பர் மூடிக்குள் கோனும் (கூம்பு வடிவத் திருகு) பால்ஸும் (தனித்தனிக் குண்டுகள்). ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: கோன், பால்ஸ் முறை மட்டமானது இல்லை. ஷிமானோ ஹப்புகள் பல அப்படித்தான் வருகின்றன. அவ்வப்போது திறந்து கிரீஸ் வைத்து, கோனைச் சரியாக இறுக்கினால் நன்றாக உழைக்கும். சீல்டு பேரிங் என்று சொல்லி அதற்கான விலையை வாங்கிக்கொண்டு இதைக் கொடுத்ததுதான் ஏமாற்று. சீல்டு என்று நம்பி நான் ஹப்பைத் திறக்கவே இல்லை. கிரீஸ் பொட்டுக்கூட இல்லாமல் காய்ந்து கிடந்தது. சொன்னபடி இருந்தது ரிம் ஒன்றுதான்.

அந்த ரிம்மையே வைத்துப் பெரியவர் பின்சக்கரத்தைப் புதிதாகக் கட்டிக்கொடுத்தார். நிஜமான சீல்டு பேரிங் ஹப், அளந்து வாங்கிய 2 மில்லிமீட்டர் ஸ்டெயின்லெஸ் கம்பி, பித்தளை நிப்பிள், மூன்று குறுக்கு. கடலோரம் ஓட்டுகிறவர்கள் அலுமினிய நிப்பிள் பக்கம் போக வேண்டாம், உப்புப்பட்டு அரித்துவிடும் என்பது அவர் கருத்து. கட்டும்போது நடுநடுவே கம்பிகளை ஜோடி ஜோடியாகக் கையால் நெரித்து நெரித்து விட்டார். அந்த வேலைக்கே ஒரு சாயங்காலம் முழுக்க ஆனது. கூலியோடு 5,800 ரூபாய். அதே 94 கிலோவைச் சுமந்துகொண்டு அதே கீரிப்பாறை இறக்கத்தில் ரெண்டு மழைக்காலம் ஓடிவிட்டது. ஒரு கம்பி அறவில்லை. ஒரே ஒருமுறை கோட்டம் பார்த்தோம்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தேன். பில்லில் விவரம் இல்லாததால் கடைக்காரர் "நான் அப்படிச் சொல்லவே இல்லை" என்று மறுத்துவிட்டார். இப்போது மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். வாங்கிய பொருளுக்குக் கொடுத்த பணம் ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். அறுந்த கம்பிகள், கீறிய நிப்பிள், பழைய ஹப் எல்லாம் ஒரு கவரில் போட்டு வைத்திருக்கிறேன். நீங்கள் வாங்கும்போது கம்பி என்ன வகை, ஹப் என்ன வகை என்று பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மாட்டேன் என்றால் அங்கே வாங்காதீர்கள்.

ஏற்கெனவே இந்த மாதிரி செட் வாங்கி மாட்டியிருப்பவர்கள், குறிப்பாகப் பெருஞ்சாணி, பேச்சிப்பாறை இறக்கங்களில் வேகமாக ஓட்டுகிற கல்லூரிப் பிள்ளைகள், அடுத்த தடவை ஏறுவதற்கு முன் டயரையும் ரிம் டேப்பையும் கழற்றிக் கம்பி முனை எங்கே நிற்கிறது என்று பாருங்கள். வெட்டுக்குக் கீழே நின்றால் அந்தச் சக்கரத்தில் இறக்கம் இறங்காதீர்கள்.