பிராடோவின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலை வீட்டில் மாற்றுதல்: டிரெயின் பிளக்கா, ஆயில் பான் கழற்றலா, கூலர் பைப்பா?

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் அடியில், ஆயிலை வடிப்பதற்காக இருக்கும் டிரெயின் பிளக்கைக் கழற்றியதும் பழைய ஆயில் முழுவதும் வெளியேறிவிடும் என்றால், இந்த ஒப்பீட்டுக்கே தேவை இருந்திருக்காது. எஞ்சினில் பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது. கியர்பாக்ஸிலோ ஆயிலின் பெரும்பகுதி, எஞ்சினின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டருக்குள்ளும், கியர் மாற்றத்தைக் கட்டுப்படுத்தும் வால்வ் பாடியின் துளைவழிகளிலும், ரேடியேட்டர் வரை போய்த் திரும்பும் கூலர் பைப்புகளிலும் தங்கிவிடுகிறது. டொயோட்டா லேண்ட் குரூசர் பிராடோவின் 120, 150 வரிசை வண்டிகளில் வந்த ஏ750எஃப் என்னும் ஐந்து கியர் ஆட்டோமேட்டிக்கையே எடுத்துக்கொள்வோம். எஃப்ஜே குரூசரிலும் 4ரன்னரிலும் இதே கியர்பாக்ஸ் உண்டு. இதன் மொத்தக் கொள்ளளவு ஏறத்தாழ 11 லிட்டர். பிளக்கைத் திறந்தால் கீழே இறங்குவது சுமார் 3 லிட்டர்தான். மீதமுள்ள 8 லிட்டரை என்ன செய்வது என்பதில்தான் முறைகள் ஒன்றுக்கொன்று வேறுபடுகின்றன.

முறைகளுக்குள் போகுமுன், மாற்றத்தான் வேண்டுமா என்ற கேள்விக்கு என் நிலைப்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். ஆஸ்திரேலியாவில் பிராடோ வைத்திருப்பவர்களில் பலர் அதன் பின்னால் கேரவன் இழுக்கிறார்கள்; விடுமுறை வந்தால் கடற்கரை மணலில் இறக்குகிறார்கள். மணலில் குறைந்த வேகத்தில் நெடுநேரம் ஓடும்போது டார்க் கன்வெர்ட்டர் லாக் ஆவதில்லை, அதாவது எஞ்சினையும் கியர்பாக்ஸையும் நேராகப் பிணைப்பதில்லை. எஞ்சின் தரும் ஆற்றலில் ஒரு பகுதி சக்கரத்துக்குப் போகாமல் ஆயிலிலேயே வெப்பமாகத் தேங்குகிறது. அந்த வெப்பம் ஆயிலின் ஆயுளை அரிக்கிறது. ஆயுள் முழுவதும் மாற்ற வேண்டாம் என்று விளம்பரப்படுத்தப்பட்ட கியர்பாக்ஸ்களைத் தயாரிக்கும் ஜெர்மனியின் இசட்எஃப் நிறுவனமே, ஓட்டும் விதத்தைப் பொறுத்து 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது 8 ஆண்டுகளில் ஆயிலை மாற்றச் சொல்கிறது. அமெரிக்க டொயோட்டாவின் அட்டவணையும், வண்டியில் ட்ரெய்லர் இழுப்பவர்கள் 60,000 மைலில், அதாவது ஏறத்தாழ 96,000 கிலோமீட்டரில், மாற்ற வேண்டும் என்கிறது. ஆகவே இழுவைக்கும் மணலுக்கும் போகும் வண்டியில் மாற்றுவதா வேண்டாமா என்பது என்னைப் பொறுத்தவரை முடிந்துபோன விவாதம்.

முதலாவது முறை, பிளக்கைத் திறந்து வடித்து, வடிந்த அளவுக்குப் புதிய ஆயிலை ஊற்றுவது. கருவிகள் மிகக் குறைவு: டிரெயின் பிளக்குக்கு 14 மில்லிமீட்டர் சாவி, பக்கவாட்டில் ஆயில் ஏற்றுவதற்காக இருக்கும் ஃபில் பிளக்குக்கு 24 மில்லிமீட்டர் சாவி, மட்டம் பார்க்கும் பிளக்குக்கு 5 மில்லிமீட்டர் ஆலன் கீ, ஒரு கைப்பம்பு. பிராடோவின் உயரம் காரணமாகப் பலருக்கு ஜாக் கூடத் தேவைப்படுவதில்லை. அடித்தட்டுகளைக் கழற்றிவிட்டுப் படுத்தபடியே வேலை செய்யலாம். இதன் குறை கணக்கில் இருக்கிறது. 11 லிட்டரில் 3 லிட்டரை மாற்றினால் கியர்பாக்ஸில் 27 சதவீதம் புதியது. வண்டியை ஓட்டிக் கலக்கவிட்டு மறுபடியும் வடித்தால், இரண்டாம் தடவை இறங்கும் ஆயிலில் முதல் தடவை ஊற்றிய புதியதும் கலந்தே வெளியேறுவதால், மொத்தம் 47 சதவீதம்தான் ஆகிறது. மூன்றாவது தடவையில் 62, நான்காவது தடவையில் 72. அதாவது 12 லிட்டர் ஆயில் வாங்கிச் செலவழித்த பிறகும் கால் பங்குக்கு மேல் பழையதே இருக்கும். ஒரே வார இறுதியில் நான்கு முறை வடிப்பவர்களைப் பார்க்கும்போது, அந்த 12 லிட்டருக்கு இன்னும் நல்ல பயன் கிடைத்திருக்குமே என்ற வருத்தம் எனக்கு உண்டு. அதே சமயம், எஞ்சின் சர்வீஸ் செய்யும்போது, ஒன்று விட்டு ஒரு முறை, 3 லிட்டர் வடித்து ஊற்றும் பழக்கத்தைத் தொடக்கத்திலிருந்தே வைத்திருப்பவரின் கியர்பாக்ஸ் எப்போதும் ஓரளவு புத்துணர்வோடு இருக்கும். அதனால் இந்த முறையை நான் தொடர்பராமரிப்பாகத்தான் பார்க்கிறேன்.

இரண்டாவது முறை, ஆயில் பான் எனப்படும், கியர்பாக்ஸின் அடியில் ஆயில் தங்கும் தகரத் தட்டையே கழற்றுவது. ஆயில் அளவைப் பொறுத்தவரை இதில் பெரிய லாபம் இல்லை. பிளக்கில் வருவதைவிடச் சற்றுக் கூடுதலாக வரும், அவ்வளவுதான். ஆனால் வேறு எந்த முறையும் தராத ஒன்றை இது தருகிறது: கியர்பாக்ஸின் உடல்நிலையைக் கண்ணால் பார்க்கலாம். பானின் அடியில் ஒட்டியிருக்கும் காந்தங்களை விரல் நுனியால் துடைத்தால், மாவுபோல வழவழப்பான கருஞ்சாம்பல் நிறப் பசை வரும். அது கிளட்சுகளும் கியர்களும் இயல்பாகத் தேய்ந்ததால் வருவது, கவலைக்குரியது அன்று. விரலில் நெருடுகிற சீவல்கள், வெளிச்சத்தில் மின்னும் செதில்கள், கருகிய நாற்றத்தோடு கூடிய கரிய துகள்கள் ஆகியவை இருந்தால், ஆயிலை மாற்றும் வேலையை அங்கேயே நிறுத்திவிட்டு யோசிக்க வேண்டும். ஆயிலை வடிகட்டும் ஸ்ட்ரெய்னரையும், பானின் விளிம்பில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டையும் அப்போதே மாற்றிவிடலாம். திரும்பப் பூட்டும்போதுதான் பலர் கெடுக்கிறார்கள். இந்தப் பானின் போல்ட்டுகளுக்குச் சொல்லப்பட்ட முறுக்கு 4.4 நியூட்டன் மீட்டர் மட்டுமே. அதைக் கையின் உணர்வில் மதிப்பிட முடியாது. பெரிய டார்க் ரெஞ்சுகள் அவ்வளவு குறைந்த அளவைக் காட்டவும் காட்டாது. கசிவு வந்துவிடுமோ என்ற பயத்தில் இன்னும் ஒரு திருகு கொடுத்தால் தகரப் பான் வளைந்து, அந்தப் பயமே உண்மையாகிவிடும்.

லேண்ட் ரோவர் டிஸ்கவரி 3 போன்ற வண்டிகளில் இந்தத் தேர்வுக்கு இடமே இல்லை. அதிலுள்ள இசட்எஃப் 6எச்பி26 கியர்பாக்ஸில் ஃபில்டர் பிளாஸ்டிக் பானோடு சேர்ந்தே வருவதால், ஃபில்டரை மாற்ற வேண்டுமென்றால் பானையே மாற்ற வேண்டும். பிராடோக்காரர்கள் அந்த வகையில் கொடுத்துவைத்தவர்கள்.

மூன்றாவது முறைதான் அதிகம் பேசப்படுவதும் அதிகம் தவறாகச் செய்யப்படுவதும். கூலரிலிருந்து கியர்பாக்ஸுக்குத் திரும்பும் பைப்பைக் கழற்றி, அதில் ஒளி ஊடுருவும் ஹோஸ் ஒன்றை மாட்டி, அளவு குறித்த வாளிக்குள் விட்டு, எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டால், கியர்பாக்ஸின் சொந்தப் பம்பே பழைய ஆயிலை வெளியே தள்ளிவிடும். டார்க் கன்வெர்ட்டருக்குள் இருப்பதும் இப்படித்தான் வெளியே வரும். முதலில் பிளக் வழியாக வடித்துப் புதியதை நிரப்பிவிட்டு, பிறகு இப்படி 2 லிட்டர் வெளியேற்றி எஞ்சினை நிறுத்தி, அதே 2 லிட்டரை ஃபில் பிளக் வழியாக ஏற்றி, மறுபடியும் ஓடவிட வேண்டும். ஹோஸில் கருஞ்சிவப்பாக ஓடும் ஆயில், ஒரு கட்டத்தில் சட்டென்று தெளிந்த செம்மைக்கு மாறும். அதே 12 லிட்டருக்கு இங்கே பெரும்பகுதி ஆயில் புதியதாகிவிடுகிறது. நான்கு முறை வடித்தும் எட்ட முடியாத நிலை இது.

இதன் ஆபத்தும் அந்தப் பம்பிலேயே இருக்கிறது. ஆயில் வெளியேறும் வேகம் பார்ப்பவரைத் திகைக்க வைக்கும். சில நொடிகள் கவனம் தவறினால் பம்ப் காற்றை இழுத்து உலர்ந்து ஓடத் தொடங்கும். ஆகவே ஸ்டியரிங்கில் ஒருவர், வாளியின் அருகில் ஒருவர் என இரண்டு பேர் இல்லாமல் இதைச் செய்யக்கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். ஏ750எஃப்பில் ஃபில் பிளக் கியர்பாக்ஸின் பக்கவாட்டில் இருப்பதால், எஞ்சின் ஓடும்போதே மேலிருந்து ஊற்றி ஈடுகட்டவும் முடியாது. இன்னொரு சிக்கலும் உண்டு: சில மாதிரிகளில் கூலர் பைப்பின் வழியில் ஒரு தெர்மோஸ்டாட் வால்வ் இருக்கும். ஆயில் சூடாகாதவரை அது கூலரின் பாதையை அடைத்தே வைத்திருப்பதால், குளிர்ந்த வண்டியில் ஹோஸில் ஒன்றும் வரவில்லையே என்று குழம்ப நேரிடும். வண்டியைச் சூடேற்றிய பிறகோ, அந்த வால்வைத் திறந்தே நிறுத்திவைத்த பிறகோதான் தொடங்க வேண்டும்.

ஆயில் அளவைப் பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக்கின் குழாய் வழியாகப் பம்பால் உறிஞ்சி எடுக்கும் நான்காவது வழி ஒன்றும் உண்டு. 90 வரிசைப் பிராடோக்களில் டிப்ஸ்டிக் இருப்பதால் இந்த வழி அவற்றுக்குப் பொருந்தும். பிராடோவின் ஏ750எஃப்பில் டிப்ஸ்டிக்கே கிடையாது என்பதால் அதைப் பற்றி மேலும் பேசுவதில் பயனில்லை.

பட்டறையில் இயந்திரம் மாட்டி மாற்றுவது இவற்றுக்கெல்லாம் போட்டியாக முன்வைக்கப்படுகிறது. கூலர் பைப்பில் இணைந்து, வெளியேறும் அளவுக்கே புதியதை உள்ளே விடும் இயந்திரம் என்றால், அது மூன்றாவது முறையையே பாதுகாப்பாகச் செய்து தருகிறது. எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. ஆனால் பானைத் திறக்காமலே வேலையை முடித்துவிடுகிறார்களா, எந்த ஆயிலை ஊற்றுகிறார்கள், கடைசியில் எந்த வெப்பநிலையில் மட்டம் பார்த்தார்கள் என்ற மூன்று கேள்விகளையும் கேட்டுவிட்டே வண்டியை ஒப்படைக்க வேண்டும்.

அந்த மூன்றாவது கேள்விதான் எல்லா முறைகளுக்கும் பொதுவானது. என் பார்வையில், எத்தனை சதவீதம் புதியது என்பதைவிட முக்கியமானதும் அதுவே. ஆயில் சூடானால் விரியும். 11 லிட்டர் ஆயிலில் 40 டிகிரி வித்தியாசம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு லிட்டர் அளவுக்கு மட்டத்தை மாற்றிவிடும். ஏ750எஃப்புக்கு மட்டம் பார்க்க வேண்டிய வெப்பநிலை 46 முதல் 56 டிகிரி செல்சியஸ். உங்கள் வண்டியின் பழுதுபார்ப்புக் கையேட்டில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஸ்கேனர் இருந்தால் வெப்பநிலையை நேராகப் படிக்கலாம். இல்லையென்றால், ஸ்கேனரைச் செருகும் இடமான ஓபிடி சாக்கெட்டின் 4, 13 ஆகிய முனைகளைக் கம்பியால் இணைத்து, கியர் லீவரை டி (டிரைவ்), என் (நியூட்ரல்) ஆகியவற்றுக்கிடையே சில நொடிகள் விரைவாக மாற்றினால், டேஷ்போர்டின் டி விளக்கே வெப்பமானியாகிவிடும்: அணைந்திருந்தால் இன்னும் குளிர்ச்சி, நிலையாக எரிந்தால் சரியான அளவு, மினுக்கினால் அதிகச் சூடு. விளக்கு நிலையாக எரியும்போது, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, வண்டி சமதளத்தில் நிற்க, மட்டம் பார்க்கும் பிளக்கைத் திறக்க வேண்டும். நூல்போல ஒழுகும் ஆயில் படிப்படியாக மெலிந்து சொட்டுகளாக மாறும் தருணத்தில் மூட வேண்டும். ஒன்றுமே வரவில்லை என்றால் குறைவு. எஞ்சினை நிறுத்தாமலே, ஃபில் பிளக் வழியாகக் கைப்பம்பால் இன்னும் சிறிது ஏற்ற வேண்டும். குளிர்ந்த நிலையில் பார்த்தால் அளவு மிகுதியாகி, சுழலும் பாகங்கள் ஆயிலைக் கடைந்து நுரையாக்கும். அதிகச் சூட்டில் பார்த்தால் விரிந்த ஆயில் வழிந்துவிட்டு, குளிர்ந்த பின் பற்றாக்குறை ஏற்படும். 95 சதவீதம் புதிய ஆயிலைத் தவறான மட்டத்தில் வைத்திருப்பவரைவிட, 27 சதவீதத்தைச் சரியான மட்டத்தில் வைத்திருப்பவர் பாதுகாப்பான நிலையில் இருக்கிறார் என்பதை நான் உறுதியாக நம்புகிறேன். வடிந்ததை அளந்து, அதே அளவை ஊற்றிய பிறகும் இந்தச் சோதனையைத் தவிர்க்கக்கூடாது, ஏனெனில் முன்பு இருந்த மட்டமே தவறாக இருந்திருக்கலாம்.

ஆயிலைப் பொறுத்தவரை இந்தக் கியர்பாக்ஸுக்கு டொயோட்டா டபிள்யூஎஸ், அல்லது அந்தத் தரத்துக்கு உரியது என்று தெளிவாக அச்சிட்டிருக்கும் வேறொன்று. டபிள்யூஎஸ், பழைய கியர்பாக்ஸ் ஆயில் வகையான டெக்ஸ்ரான் 3-ஐவிட மெல்லியது. ஷெட்டில் மிச்சமிருக்கிறதே என்று பழையதை ஊற்றிவிடக் கூடாது. நான்கு சக்கர இயக்கம் கொண்ட வண்டி என்பதால் இன்னொரு எச்சரிக்கையும் தேவைப்படுகிறது: கியர்பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும், முன், பின் சக்கரங்களுக்கு ஆற்றலைப் பிரித்தனுப்பும் ட்ரான்ஸ்ஃபர் கேஸுக்குத் தனி ஆயிலும் தனிப் பிளக்குகளும் உண்டு. ஃபில் பிளக்கை முதலில் கழற்றிப் பார்த்து, அது திறக்கிறது, சரியானதுதான் என்று உறுதியான பிறகே டிரெயின் பிளக்கைத் தொடுவது நல்லது.

ஆக, 1,00,000 கிலோமீட்டரைத் தாண்டியும் ஒருமுறைகூட ஆயில் மாற்றப்படாத, கேரவன் இழுத்த பிராடோவுக்கு முதலில் பானைக் கழற்றிப் பார்த்து, ஸ்ட்ரெய்னரை மாற்றிவிட்டு, அதே நாளில் கூலர் பைப் வழியாக மீதியையும் மாற்றுவதையே நான் தேர்வு செய்வேன். உதவிக்கு ஆள் இல்லையென்றால், கூலர் பைப்பை விட்டுவிட்டு, சில மாத இடைவெளிகளில் பிளக் வழியாக வடிப்பது மெதுவான, ஆனால் தவறு நேர வாய்ப்புக் குறைந்த வழி. அதன் பிறகு எல்லோருக்கும் முதல் முறையே போதும்.

பழைய வண்டியில் ஆயிலை மாற்றினால் கியர்பாக்ஸ் போய்விடும் என்ற அச்சம் பரவலாக இருக்கிறது. கியர் வழுக்கத் தொடங்கிய பிறகு, கடைசி நம்பிக்கையாக ஆயிலை மாற்றி, சில வாரங்களில் கியர்பாக்ஸை இழந்தவர்களின் அனுபவம் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். தேய்ந்துவிட்ட கிளட்சைப் புதிய ஆயில் மீட்காது. டியில் போட்டதும் தாமதம், ஏற்றத்தில் எஞ்சின் உறுமியும் வேகம் ஏறாமை, கருகிய நாற்றம் ஆகியவை ஏற்கெனவே இருந்தால், மேற்சொன்ன எந்த முறையையும் தொடங்காமல், பானைத் திறந்து பார்த்துச் சொல்லக்கூடிய கியர்பாக்ஸ் நிபுணரிடம் வண்டியைக் கொண்டுபோவதே சரி.