குளிர்காலத்தின் குறுகிய பகல்: தொலைவா, சாய்வா?

டிசம்பர் 21 அல்லது 22 அன்று வடகோளத்தில் ஆண்டின் மிகக் குறுகிய பகல். காரணம் கேட்டால் இரண்டு பதில்கள் வரும்: சூரியன் தள்ளிப் போய்விட்டது, அல்லது பூமி சாய்ந்திருக்கிறது.

தொலைவுதான் காரணம் என்பது நிற்காது. ஜனவரித் தொடக்கத்தில்தான் பூமி சூரியனுக்கு மிக அருகில், சுமார் 14.7 கோடி கிலோமீட்டரில் இருக்கிறது, ஜூலையில் 15.2 கோடி. அப்புறம், அதே டிசம்பரில் தென்கோளத்தில் கோடை!

சரியான விடை சாய்வுதான். பூமியின் அச்சு 23.4 டிகிரி சாய்ந்திருக்கிறது. அன்று வடமுனை சூரியனை விட்டு விலகிச் சாய்ந்திருப்பதால், சூரியன் வானில் தாழ்வாகவே நகர்ந்து சீக்கிரம் மறைகிறது. குளிர்கால வெயில் மங்கலாக இருப்பதற்கும் இதே சாய்வுதான் காரணம். டார்ச்சைத் தாளின்மேல் நேராக அடித்துப் பாருங்கள்: சின்ன, பளிச்சென்ற வட்டம். சாய்த்து அடித்தால் அதே ஒளி நீண்டு பரவி மங்கிவிடும். குளிர்கால வெயிலும் அப்படித்தான் விழுகிறது. இதைவிட அழகான விளக்கம் எனக்குத் தெரியாது.