நாலு தடவை வாசிப்பதா, ஒரு தடவை மூடிவைப்பதா?

அக்கா மகன் இந்த வருடம் மதுரையில் பி.ஏ. பொருளியல் சேர்ந்தான். உசிலம்பட்டிப் பக்கம் கிராமம். பன்னிரண்டாவது வரை தமிழ்வழி, நல்ல மதிப்பெண். முதல் இன்டர்னல் முடிந்த சாயங்காலம் போன் செய்தான்.

"சித்தி, நாலு தடவ படிச்சிட்டுப் போனேன். கேள்வியப் பாத்ததும் ஒண்ணுமே வரல."

"என்ன கேள்வி?"

"தேவை நெகிழ்ச்சி. படிச்சதுதான் சித்தி. எந்தப் பக்கத்துல இருக்குன்னுகூடத் தெரியும்."

விலை ஏறி இறங்கினால் வாங்குகிற அளவு எவ்வளவு மாறும் என்பதுதான் தேவை நெகிழ்ச்சி. எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தெரியும், அங்கே என்ன இருக்கிறது என்று தெரியாது. எனக்கு இது புதிதில்லை. இதே ஊரில் இதே பாடம் படித்து, முதல் செமஸ்டரிலேயே இரண்டு அரியர் வைத்தவள் நான். அதனால் அவனுக்காக உட்கார்ந்து, கல்லூரிப் பிள்ளைகள் வழக்கமாகப் படிக்கிற முறைகளை எதிரெதிரே வைத்துப் பார்த்தேன். எல்லாவற்றையும் ஒரே அளவு அலசவில்லை. சிலது இரண்டு வரியில் முடிகிற சங்கதி.

திரும்ப வாசிப்பதும், மூடிவைத்து எழுதுவதும்

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்க்க வேண்டும். திரும்பத் திரும்ப வாசித்துத்தானே பிளஸ் டூவில் மதிப்பெண் வாங்கினான், அதே முறை இங்கே ஏன் கைவிட்டது?

அவனிடமே கேட்டேன். பள்ளியில் ஒரு நாள் எப்படிப் போகும்? காலையில் ஸ்பெஷல் கிளாஸ், போனதும் ஸ்லிப் டெஸ்ட். மத்தியானம் ஒன் வேர்டு. புக் பேக் கேள்வி பதில்களை மூடிவைத்துவிட்டு டீச்சரிடம் ஒப்பிக்க வேண்டும். தப்பு வந்தால் பத்துத் தடவை எழுத வேண்டும். அப்புறம் திருப்புதல் தேர்வு, ஒன்று, இரண்டு, மூன்று என்று. அதாவது வாசித்தது அவன், எழுதவைத்தது பள்ளிக்கூடம். மதிப்பெண் வந்தது பெரும்பாலும் அந்த இரண்டாவது வேலையால்தான். ஆனால் பாராட்டு முழுக்க முதல் வேலைக்குப் போய்விட்டது. கல்லூரியில் ஸ்லிப் டெஸ்ட் வைக்க ஆள் இல்லை. பையன் கையில் வாசிப்பு மட்டும் மிஞ்சியது.

இதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. 2006-இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரு சிறு பகுதியை இரண்டு முறை வாசிக்கச் சொன்னார்கள். இன்னொன்றை ஒரு முறை வாசித்துவிட்டு, பார்க்காமல் நினைவில் இருப்பதை எழுதச் சொன்னார்கள். ஐந்து நிமிடம் கழித்துத் தேர்வு வைத்தபோது இரண்டு முறை வாசித்தது ஜெயித்தது: 81 சதவீதம், எழுதிப் பார்த்தது 75. இரண்டு நாள் கழித்து வைத்தபோது நிலைமை தலைகீழ்: வாசித்தது 54, எழுதிப் பார்த்தது 68. ஒரு வாரம் கழித்து 42-க்கு 56.

அந்த ஐந்து நிமிடக் கணக்கைக் கவனியுங்கள். நம்மை ஏமாற்றுவது அதுதான். ராத்திரி பத்து மணிக்கு நாலாவது தடவை வாசித்து முடித்த கையோடு, எல்லாம் தெரியும் என்றுதான் தோன்றும். அந்த நேரத்துக்கு அது உண்மையும்கூட. தேர்வு அறை வாசலில் நின்று கடைசியாக ஒரு புரட்டுப் புரட்டுகிறோமே, அதற்கு வாசிப்பே போதும். செமஸ்டருக்கு அது பத்தாது.

மூடிவைத்து எழுதுவதில் ஒரு கஷ்டம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. மனசு நோகும். முதல் நாள் அவன் நான்கு பக்கம் வாசித்துவிட்டு, புத்தகத்தை மூடி, வெள்ளைத் தாளில் எழுதியது ஆறே வரி. "எனக்கு மண்டையே இல்ல சித்தி" என்றான். அந்த ஆறு வரிக்குக் கீழே, விட்டுப்போனதைச் சிவப்புப் பேனாவால் புத்தகத்தைப் பார்த்து நிரப்பச் சொன்னேன். மறுநாள் அதே பகுதி. சிவப்பு குறைந்தது. வரைபடமாக இருந்தால் கோடுகளை மட்டுமல்ல, அச்சுகளின் பெயரிலிருந்து தொடங்கி வரைய வேண்டும். நேரக் கணக்கிலும் நஷ்டமில்லை. நாலு தடவை வாசிக்க இரண்டு மணி நேரம் ஆனது, ஒரு தடவை வாசித்து எழுதித் திருத்த ஒன்றேகால் மணி.

மஞ்சள், பச்சை, ரோஸ் என்று ஹைலைட்டர் வாங்கிக் குவிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. டன்லாஸ்கியும் உடன் ஆய்வாளர்களும் 2013-இல் பத்துப் படிப்பு முறைகளை எடைபோட்டார்கள். தன்னைத் தானே சோதித்துக்கொள்வது, நாட்கள் இடைவெளி விட்டுப் படிப்பது இரண்டும் மேலே வந்தன. அடிக்கோடிடுவதும் திரும்ப வாசிப்பதும் அடிமட்டத்தில். புத்தகம் ஹோலிப் பண்டிகை மாதிரி இருக்கும், அவ்வளவுதான்.

இடைவெளி என்றதும் பெரிய அட்டவணை எதுவும் வேண்டாம். படித்த அன்று இரவு ஒரு முறை, மறுநாள் பஸ்ஸில் ஒரு முறை, அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு முறை. மறதி முதல் நாளிலேயே வேகமாக நடக்கிறது என்பதை ஜெர்மனியில் எபிங்ஹாஸ் 1885-லேயே எழுதிவைத்துவிட்டார். பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து தன்னையே சோதித்துப் பார்த்த மனிதர் அவர்.

சீனியர் நோட்ஸும் பாடநூலும்

இங்கே நான் நோட்ஸுக்கு எதிரி இல்லை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பல கல்லூரிகளில் அகமதிப்பீட்டுக்கு 25, செமஸ்டர் தேர்வுக்கு 75. ஒரு பேப்பருக்கு ஐந்து யூனிட், ஐந்தாறு பேப்பர். இத்தனை புத்தகங்களையும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசி என்று சொல்கிறவர்கள், மதுரை ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் ஏழு மணி பஸ்ஸுக்கு நின்றவர்களாக இருக்க முடியாது.

ஆனால் நோட்ஸை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி. சீனியரிடம் வாங்கிய நோட்ஸ், ஜெராக்ஸின் ஜெராக்ஸ். அதில் தேவைக்கோட்டு வரைபடத்தில் விலை படுக்கை அச்சிலும் அளவு நெட்டச்சிலும் மாறிக் கிடந்தது. நான் அதை அப்படியே மனப்பாடம் செய்து, அப்படியே வரைந்து, பத்து மார்க்கில் மூன்று வாங்கினேன். என்னோடு அதே நோட்ஸை வைத்திருந்த நாலு பேருக்கும் அதே மூன்று. புத்தகத்தை ஒரு முறை திறந்திருந்தால் போதும்.

வரிசையை மாற்றினால் இரண்டும் உதவும். முதலில் முந்தைய ஆண்டு வினாத்தாள் மூன்று நான்கு. அதில் அந்த யூனிட்டிலிருந்து என்ன கேட்கிறார்கள் என்று பார்த்துவிட்டு, புத்தகத்தில் அந்தப் பாடத்தின் தலைப்புகளையும் உபதலைப்புகளையும் மட்டும் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு தலைப்பையும் ஒரு கேள்வியாக மாற்றிக்கொண்டு, பதிலைத் தேடுகிற மாதிரி வாசிக்க வேண்டும். பிறகு பார்க்காமல் சொல்லி, கடைசியில் சரிபார்ப்பது. இது நான் கண்டுபிடித்ததில்லை. ஃபிரான்சிஸ் ராபின்சன் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1940-களில் சொல்லிவைத்த ஐந்து படி முறையேதான். நோட்ஸ் எங்கே வருகிறது? சரிபார்க்கும் இடத்தில். புத்தகம் படித்தவனுக்கு நோட்ஸ் சுருக்கம், படிக்காதவனுக்கு அது புதிர்.

தமிழ்வழியில் வந்தவர்களுக்கு

இதுதான் அவனுடைய உண்மையான சிக்கல். முதல் வாரம் அகராதியை வைத்துக்கொண்டு தெரியாத சொல்லுக்கெல்லாம் மேலே பென்சிலால் தமிழ் எழுதினான். ஒரு மணி நேரத்தில் ஒன்றரைப் பக்கம். அந்த ஒன்றரைப் பக்கத்தின் கருத்து என்ன என்று கேட்டால் தெரியவில்லை. அடுத்து யூடியூப். தமிழில் விளக்குகிற வீடியோக்கள் அருமையாகப் புரிகின்றன, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் புரிந்தது தமிழில், எழுத வேண்டியது ஆங்கிலத்தில். நடுவில் பாலம் இல்லை.

பாலம் வீட்டிலேயே இருந்தது. அரசின் பதினொன்றாம் வகுப்புப் பொருளியல் புத்தகம், 2018-இல் மாற்றிய பாடத்திட்டம். தமிழ்வழி, ஆங்கிலவழி இரண்டுக்கும் அதே பாடம், அதே வரிசை, அதே படங்கள். ஆங்கிலப் பதிப்பைப் பாடநூல் கழகத்தின் இணையதளத்தில் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்து வாசிக்கச் சொன்னேன். தேவை நெகிழ்ச்சிக்கு நேரே எலாஸ்டிசிட்டி ஆஃப் டிமாண்ட், சமநோக்கு வளைகோட்டுக்கு நேரே இண்டிஃபரன்ஸ் கர்வ். ஏற்கெனவே தமிழில் தெரிந்த கருத்து என்பதால் ஆங்கில வாக்கியம் பயமுறுத்தவில்லை. ஒரு பாடத்துக்குப் பதினைந்து இருபது கலைச்சொற்கள்தான் உண்மையில் சுமை. மற்றதெல்லாம் திரும்பத் திரும்ப வருகிற சாதாரணச் சொற்கள். மூன்று வாரத்தில் கல்லூரிப் புத்தகத்துக்கு ஏறிவிட்டான். இயற்பியலுக்கும் வணிகவியலுக்கும் இதே வழி செல்லும்.

இன்னொன்று. ஆங்கிலவழிப் படிப்பாக இருந்தாலும் தேர்வை உள்ளூர் மொழியில் எழுத அனுமதியுங்கள் என்று 2023 ஏப்ரலில் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. உங்கள் துறையில் நடைமுறை என்ன என்று முதல் வாரமே கேட்டுவையுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

வீடு, பஸ், நூலகம்

வீட்டில் டிவி, தம்பி, ரேஷன் கடைக்குப் போய்வா. இதற்கு அலசல் தேவையில்லை.

புது நத்தம் சாலையில் 2023 ஜூலை 15-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் மதுரைக்குக் கிடைத்த பெரிய வரம். நாங்கள் படித்த காலத்தில் இப்படி ஓர் இடம் இருந்தால் என்று நினைத்து எனக்குப் பொறாமைகூட வந்தது. போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் அசையாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாலே நமக்கும் செல்போனை உள்ளே வைக்கத் தோன்றும். ஆனால் உசிலம்பட்டிப் பஸ்ஸில் வந்து ஆரப்பாளையத்தில் இறங்குகிறவனுக்கு அது ஊரின் மறுபக்கம், இன்னும் ஒரு பஸ். தினசரிக்குச் சரிப்படாது. அவனுக்குச் சிம்மக்கல்லில் உள்ள மாவட்ட மைய நூலகம்தான் வழியில் விழுகிறது. கல்லூரி முடிந்து அங்கே ஒரு மணி நேரம், சனிக்கிழமை மட்டும் நத்தம் சாலை என்று வைத்துக்கொண்டான். பாதிக் கல்லூரி நூலகங்களும் மூன்று மணிக்கு மேல் காலியாகத்தான் கிடக்கின்றன, அதையும் சொல்ல வேண்டும்.

பஸ்ஸில் புதிதாக எதையும் வாசிக்க முடியாது, நின்றுகொண்டு வந்தால் புத்தகத்தைத் திறக்கவே முடியாது. ஆனால் செக்கானூரணி தாண்டுவதற்குள் நேற்றுப் படித்ததை மனசுக்குள் ஓட்டிப் பார்க்க ஒரு கையும் தேவையில்லை.

தனியாகவா, கூட்டமாகவா

கூட்டமாகப் படிப்பது பெரும்பாலும் கூட்டமாக டீ குடிப்பதில் முடியும். மூன்று பேருக்கு மேல் வேண்டாம், தனியாக ஒரு முறை வாசிக்காதவனைச் சேர்க்க வேண்டாம். சேர்ந்தபின் வாசிப்பதும் வேண்டாம், ஒருவரை ஒருவர் கேள்வி கேட்பது மட்டும். மாணவர் கடமைகளைச் சொல்லும்போது நன்னூலும் கேட்டதை நினைத்துப் பார்த்தல், வினவுதல், வினவியதற்கு விடை சொல்லுதல் என்றுதான் அடுக்குகிறது. கூடி உட்கார்ந்து மௌனமாக வாசிக்கச் சொல்லவில்லை.

லேப்டாப்பா கைநோட்டா என்ற சண்டைக்கு அதிக நேரம் கொடுக்க மாட்டேன். கையால் எழுதுவதே மேல் என்று 2014-இல் ஓர் ஆய்வு வந்து பிரபலமானது. பின்னால் திரும்பச் செய்து பார்த்தவர்களுக்கு அவ்வளவு தெளிவான வித்தியாசம் கிடைக்கவில்லை. தேர்வைக் கையால்தான் எழுதப்போகிறோம் என்பதால் நான் நோட்டுப் பக்கம். பக்கத்தின் இடதுபுறம் நாலு விரல் அகலம் காலியாக விட்டு, வீட்டுக்குப் போனதும் அங்கே கேள்விகளை எழுதிவைத்தால், வலதுபுறத்தைக் கையால் மறைத்துத் தன்னையே சோதித்துக்கொள்ளலாம். கார்னெல் முறை என்று இதைச் சொல்வார்கள்.

இரண்டாவது இன்டர்னல் போன வாரம் முடிந்தது. மதிப்பெண் இன்னும் வரவில்லை. நேற்று ராத்திரி போன் செய்தவன் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

"சித்தி, கிஃபன் பொருள்னா என்ன? பாக்காமச் சொல்லுங்க."

விலை ஏறினால் வாங்குவதும் கூடும் என்பது வரை சொன்னேன். ஏன் கூடும் என்று கேட்டான். எனக்குப் பாதியில் நின்றுவிட்டது.

"சிவப்புப் பேனா எடுங்க" என்றான்.